‘ஆல்’ எங்கே?

‘செழியன் மரத்தை வெட்டினான்’ என்பது செயப்பாட்டுவினையாகுங்கால், ‘செழியனால் மரம் வெட்டப்பட்டது’ என வரும். எழுவாயாய் நின்ற செழியன் ‘ஆல்’ உருபேற்பான். அம்பத்தூர்ப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பிற்கு இதனைக் கற்பித்த அன்று, நாளிதழிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கேட்டேன். ‘செய்தியாளர் கொல்லப்பட்டார்’ என்றான் ஒரு மாணவன். ‘எவரால்?’ என்றேன். ‘அது போடவில்லை ஐயா’ என்றான்.

ஈழப் போர்க்காலத்தில் மாண்ட தமிழ்ச் செய்தியாளரை எண்ணும்போதெல்லாம் அம்மறுமொழியே என் நெஞ்சை அறுக்கின்றது.

2006 சனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் தமிழ் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். (‘ஆல்’ இன்றி நானும் எழுதுகின்றேன், ஏன் என்பது பின்னே வரும்.) அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்தது என்றது படைத்தரப்பு. ‘சுடரொளி’ நாளிதழின் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராசன் அவ்வுடல்களை ஒளிப்படம் எடுத்தார். (அவர் பெயரிலுள்ள வடவெழுத்தை நம் இதழ் ஏலாமையின் இங்ஙனம் எழுதினேன், பொறுத்தருள்க.) அண்மையில் நின்று தலையிற் சுட்ட புண்கள் அப்படங்களில் தெளிவாய்த் தெரிந்தன. சுடரொளி அவற்றை வெளியிட்டது. கைக்குண்டுப் புனைவு பொய்த்தது. விடுபட்ட ‘ஆல்’ உருபைத் தேடிப் போனவர் அவர். அதே திங்கள் 24-ஆம் நாட் காலை, பேருந்துக்குக் காத்து நின்றவரைச் சுட்டு வீழ்த்தினர்.

மாணவர் கொலை வழக்கில் அதிரடிப்படையினர் உள்ளிட்ட பதின்மூவர் போதிய சான்றில்லையென 2019-இல் விடுவிக்கப்பட்டனர். சுகிர்தராசனைக் கொன்றார் எவரும் இன்றுவரை ஒறுக்கப்பட்டிலர்.

பி.பி.சி. வானொலிக்குச் செய்தி விடுத்த மயில்வாகனம் நிமலராசன், 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நடப்பிலிருந்த யாழ்ப்பாணத்தில், படைக்காவல் மிகுந்த பகுதியில், தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். 2004 மே 31-இல் மட்டக்களப்பில் ஐயாத்துரை நடேசன். 2005 ஏப்பிரலில் கொழும்பிற் கடத்தப்பட்ட ‘தராக்கி’ சிவராம் மறுநாட் பிணமாய்க் கிடந்தார்.

இவற்றுட் சில கொலைகளில் அரசுசார் தமிழ்க் குழுக்கள்மீதும் ஐயம் எழுந்தது. அதனைச் சொல்ல நம்மவர் சிலர் கூசுகின்றனர். கூச்சம் எதற்கு? கொன்றவன் சிங்களனாயின் ஓர் இலக்கணம், தமிழனாயின் மற்றோர் இலக்கணம் என்று தொல்காப்பியர் வகுத்திலரே! காசாவில் 2023 அக்டோபர் முதல் நூற்றுக்கு மேற்பட்ட செய்தியாளர் கொல்லப்பட்டனர். அங்கும் ‘உயிரிழந்தனர்’ என்று எழுதி, கொன்றவனை வாக்கியத்தை விட்டே துரத்திவிடுகின்றனர்.

ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நினைவுக் கூட்டம் நடத்தும் அன்பர்களிடம் ஒரு சொல். வீரவணக்கத்திற்கு நம்மிடம் குறைவில்லை. மாண்டவர் என்ன எழுதினார், எப்படத்தை எடுத்தார் என்று சொல்வார்தாம் குறைவு. வரும் சனவரி 24 அன்று, சுகிர்தராசனின் படங்கள் எதனைக் காட்டின என்பதை முதலிற் சொல்லுக. பாட்டும் முழக்கமும் அதன்பின் ஆகட்டும்.