இருபது நிமிஷக் கெடு யாருக்காக?

விவசாயத் தொழிலாளி, கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் பெண் முதலியோரைப் பதிவு செய்ய மத்திய சர்க்கார் 2021 ஆகஸ்ட் 26-ல் இ-ஷ்ரம் தளத்தைத் திறந்தது. 30 கோடிக்கு மேற்பட்டோர் அதில் பதிந்துள்ளனர். முகவரி, படிப்பு, தொழில், பாங்கிக் கணக்கு என்று பகுதி பகுதியாக அது கேட்கிறது. மில் தொழிலாளி பிராவிடண்டு பண்டு பணத்தை எடுக்கவும் இன்று இணையத்தில்தான் மனுச் செய்கிறார். காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்ததை நாம் எதிர்க்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுதுபவருக்கு அழுத காசு நமக்கு மறந்துவிடவில்லை!

ஆனால் சர்க்காரின் நீண்ட படிவங்கள் பலவற்றில் நடப்பதென்ன? ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தொழிலாளி, ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டுகிறார். பாதியில் பாங்கிப் புத்தகத்தைப் பையில் தேடுகிறார். பிள்ளையின் பிறந்த தேதியைக் கேட்க வீட்டுக்குப் போன் செய்கிறார். கடைசிப் பொத்தானை அழுத்தினால், "செஷன் முடிந்தது, மீண்டும் உள்ளே வரவும்" என்கிறது திரை. எழுதியதெல்லாம் போயிற்று. கம்ப்யூட்டர் கடைக்கு மறுபடியும் காசு. மறுநாள் கூலியும் நஷ்டம்.

காரணம் மர்மமானதல்ல. நாம் தட்டும் எழுத்து, பொத்தானை அழுத்தும்வரை நம் எதிரிலுள்ள திரையிலேயே நிற்கிறது. தூரத்திலுள்ள சர்வருக்கு ஒன்றும் போய்ச் சேருவதில்லை. 20 நிமிஷமோ 30 நிமிஷமோ சத்தம் வராவிட்டால் ஆள் போய்விட்டான் என்று அது கணக்கை முடித்துவிடுகிறது. தறியருகே நின்று பாடுபடுகிறவனை, அறையைவிட்டு வெளியே வராத சூப்பர்வைசர் ஆப்சென்ட் என்று எழுதுவது போன்றது இது. இந்தக் கெடு பெரும்பாலும் மென்பொருளோடு வரும் எண். படிவத்தை நிரப்ப எவ்வளவு நேரமாகும் என்று யாரும் அளந்து வைத்ததல்ல.

பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். அதில் நியாயம் உண்டு. பலர் உட்காரும் கடையில் திறந்து கிடக்கும் கணக்கில் அடுத்தவன் கை வைக்கலாம். கதவைப் பூட்டட்டும், உள்ளே எழுதி வைத்த காகிதத்தை ஏன் கிழிக்க வேண்டும்?

வழியா இல்லை? ஆள் தட்டிக்கொண்டிருக்கும்வரை பக்கமே சர்வருக்குச் சிறு சமிக்ஞை அனுப்பலாம். ஒவ்வொரு பகுதியையும் உடனுக்குடன் நகலாகச் சேமித்து, அதே ஆள் மறுபடி நுழைந்ததும் விட்ட இடத்தில் திறக்கலாம். மாற்றுத்திறனாளிகளை மனதில் வைத்து 2008-ல் வெளியான சர்வதேச இணைய விதியே, கெடுவை நிறுத்தவோ நீட்டவோ வழி வைக்கச் சொல்கிறது. இல்லாவிடில் முன்கூட்டி எச்சரித்து, ஒரே தட்டில் நீட்டிக்கக் குறைந்தது 20 விநாடி தரவேண்டும். பத்து முறையாவது நீட்ட இடம் வேண்டும். இந்திய சர்க்காரின் இணையதள வழிகாட்டுநெறி 2023-ல் திருத்தப்பட்டபோதும் இந்தத் தரமே ஏற்கப்பட்டது. ஏட்டில் ஏற்றதைத் திரையில் காட்டுவதற்கு என்ன தடை?

சங்கங்கள் இதைக் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். மனுக் கொடுக்கும் தோழர்கள், எந்தத் தளம், எந்தப் பக்கம், எத்தனை நிமிஷத்தில் அறுந்தது என்று தேதியுடன் எழுதிக் கொடுக்கட்டும்.