கிறிஸ்தவர்கள் தீர்ப்புச் சொல்லலாமா?

"கோர்ட்டு, கேஸு, ஜூரி... இதெல்லாம் உலகத்தார் சமாச்சாரம். விசுவாசிக்கு அங்கே என்ன வேலை?"

தமிழ்க் கிறிஸ்தவர்களில் ஒரு சாராரிடம் இந்தப் பேச்சு ரொம்ப நாளாகவே உண்டு. லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் உறவினருக்கு ஜூரி சம்மன் வந்துவிட்டால், எப்படித் தப்பிக்கலாம் என்பதுதான் முதல் யோசனை. ஏன் என்று கேட்டால் மத்தேயு 7-ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். பிறரைக் குற்றவாளி என்று தீர்க்காதே என்று இயேசுவே சொல்லிவிட்டாராம். அத்தோடு பேச்சு முடிந்தது!

அவ்வளவு சுலபமாக முடிகிற பேச்சு இல்லை இது.

இந்தியாவில் இப்போது ஜூரி கிடையாதே, இந்தக் கேள்வி எதற்கு என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 1959-ல் பம்பாயில் நடந்த நானாவதி வழக்கில் ஜூரிகள் 8-க்கு 1 என்று 'குற்றவாளி இல்லை' என்றார்கள். உயர் நீதிமன்றம் அதை ஏற்காமல் தண்டனை கொடுத்தது. அதற்கு முன்பே, 1958-ல், சட்ட ஆணையம் ஜூரி முறை வேண்டாம் என்று சொல்லியிருந்தது. 1973-ன் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு அது ஒழிந்தது. பார்சிகளின் விவாகரத்து வழக்குகளில் மட்டும் அதன் நிழல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இலங்கையில் ஜூரி உண்டு. இங்கிலாந்திலும் கனடாவிலும் உண்டு. மூன்று நாட்டிலும் தமிழர்கள் இருக்கிறார்கள், அவர்களில் கிறிஸ்தவர்களும் இருக்கிறார்கள்.

ஜூரி இல்லாவிட்டாலும் 'தீர்ப்புச் சொல்லலாமா' என்ற கேள்வி நம் ஊரிலும் இருக்கிறது. சொல்லப்போனால், அதற்குப் பதில் தேட தரங்கம்பாடியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது.

சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கியது 1706-ல். இரண்டே வருடத்தில் ஜெயிலுக்குப் போனார். காரணம் ஒரு வழக்கு. நாவிதர் ஒருவரின் விதவைக்கும், டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒரு கத்தோலிக்கருக்கும் கடன் தகராறு. சீகன்பால்கு அந்த விதவைக்காகத் திரும்பத் திரும்பத் தலையிட்டார். கோட்டைத் தளபதி ஹாசியஸ் எரிச்சலாகி அவரை நான்கு மாதம் உள்ளே போட்டார். 'விசுவாசிக்கு வழக்கு விவகாரம் ஆகாது' என்பவர்கள், இந்த நாட்டின் முதல் புராட்டஸ்டண்ட் மிஷனரி எதற்காகச் சிறைக்குப் போனார் என்பதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

ஆனால் சீகன்பால்கு செய்ததிலும் ஒரு குறை உண்டு. அவர் வெளியே நின்று ஒரு பக்கத்துக்காக அழுத்தம் கொடுத்தார். அந்த விதவையைத் தேவாலயத்தில் தளபதியின் முன்னால் மண்டியிடச் சொல்லி ஆலோசனை கொடுத்ததும் அதில் அடக்கம். ஏழைக்காகப் பேசுவது நல்லதுதான், ஆனால் நீதி என்பது இரண்டு பக்கமும் கேட்பது. அதற்கு ஒருவர் உள்ளே உட்கார வேண்டும்.

அப்படி உட்கார்ந்தவரும் இதே ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தவர்தான். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-ல் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று பாடப்புத்தகத்தில் படித்து, இரண்டு மார்க் வாங்கி, மறந்துவிட்டோம். அவர் தொழிலால் நீதிபதி. தரங்கம்பாடியில் முன்சீப், பிறகு சீர்காழி, பிறகு மாயூரம். சென்னை சதர் கோர்ட்டின் தீர்ப்புகளைத் தமிழில் 'சித்தாந்த சங்கிரகம்' என்று கொண்டுவந்தார். இங்கிலீஷ் தெரியாதவனுக்கும் சட்டம் தெரிய வேண்டும் என்ற எண்ணம் இல்லாமல் அந்த வேலையில் யார் இறங்குவார்? 'நீதிநூல்' எழுதி லஞ்சத்தைச் சாடினார். மனசாட்சியைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கோர்ட்டுக்குப் போகவில்லை.

நிற்க. எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

முதல் வாதம்: "தீர்ப்பிடாதே என்று வேதம் சொல்கிறது." அந்தப் பகுதியை முழுசாகப் படித்தால் தெரியும். உன் கண்ணில் இருக்கும் உத்திரத்தை முதலில் எடு, பிறகு அடுத்தவன் கண்ணிலிருக்கும் துரும்பை எடுக்க உனக்குத் தெளிவாகத் தெரியும் என்றுதான் அது முடிகிறது. அடுத்தவனை விட நான் யோக்கியன் என்ற மமதைக்கு எதிரான பேச்சு அது. சாட்சியங்களைக் கேட்டு, 'இந்த ஆள் இதைச் செய்தார் என்பது சந்தேகமில்லாமல் நிரூபணமானதா?' என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்வது வேறு வேலை. யோவான் 7-ல், தோற்றத்தைப் பார்த்து வேண்டாம், நியாயமாகத் தீர்ப்பளியுங்கள் என்று சொல்பவரும் அதே இயேசுதான்.

இரண்டாம் வாதம்: "உலகக் கோர்ட்டு நமக்கு ஆகாது என்று பவுல் சொன்னார்." ஒரு விசுவாசி இன்னொரு விசுவாசியைக் கோர்ட்டுக்கு இழுப்பதைத்தான் பவுல் கண்டித்தார். அந்தக் கண்டிப்பிலேயே, வழக்கைத் தீர்த்துவைக்க உங்களில் விவேகி ஒருவன்கூட இல்லையா என்று கேட்கிறார். அதாவது, தீர்ப்புச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார். இன்னொரு வேடிக்கை. சபைத் தேர்தல், சொத்து, பதவி என்று வந்தால் மட்டும் உயர் நீதிமன்றத்தின் படியேற நம்மவர்களுக்கு எந்த வசனமும் தடையாக இருப்பதில்லை! வாதியாகப் போகலாம், பிரதிவாதியாகப் போகலாம், நியாயம் சொல்ல மட்டும் போகக்கூடாது. இது என்ன கணக்கு?

மூன்றாம் வாதம்: "சத்தியம் செய்யக்கூடாதே." கடவுள் பெயரால் சத்தியம் செய்ய விரும்பாதவர் உறுதிமொழி எடுத்துக்கொள்ளலாம். இந்தியாவில் 1969-ன் சட்டமும், இங்கிலாந்தில் 1978-ன் சட்டமும் அதற்கு வழி வைத்திருக்கின்றன.

நான்காம் வாதம்தான் கனமானது. "என் தீர்ப்பால் ஒருவன் தூக்கில் தொங்கினால்?" இந்தப் பயம் நியாயமானது. மரண தண்டனையை மனசாட்சிப்படி ஏற்காதவர் அதை நீதிபதியிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு ஒதுங்குவதே நேர்மை. ஆனால் இங்கிலாந்திலும் கனடாவிலும் மரண தண்டனை கிடையாது. இலங்கையில் விதிக்கிறார்கள் என்றாலும் 1976-க்குப் பிறகு யாரையும் தூக்கிலிடவில்லை. அதனால் இந்த ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு திருட்டு வழக்கு, மோசடி வழக்கு எல்லாவற்றிலிருந்தும் நழுவ முடியாது.

ஒதுங்கிக்கொண்டால் கை சுத்தமாக இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயரை ஞாபகப்படுத்தலாம்: பிலாத்து. தண்ணீர் கொண்டுவரச் சொல்லிக் கையைக் கழுவியவர். இரண்டாயிரம் வருடமாக யாராவது அவரை நிரபராதி என்கிறோமா? அதே வழக்கில் அரிமத்தியா யோசேப்பு ஆலோசனைச் சங்கத்தின் உறுப்பினராக இருந்துகொண்டே அந்த முடிவுக்குச் சம்மதிக்காதவர். நிக்கோதேமு, ஒருவனை விசாரிக்காமலே குற்றவாளி என்று சொல்வது முறையா என்று சபையிலேயே கேட்டவர். நல்லவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்ட சபையில் அந்தக் கேள்வியைக் கேட்கவே ஆள் இருந்திருக்காது.

இனி, வரலாற்றின் மறுபக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமாக இருக்காது.

வேதநாயகம் பிள்ளை பிறந்த அதே 1826-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களில் இந்தியர்களும் ஜூரியாகலாம், ஆனால் கிறிஸ்தவர் மீதான வழக்கில் கிறிஸ்தவ ஜூரிகள் மட்டுமே உட்காரலாம். ஒரு கிறிஸ்தவர் இந்துவையும் முஸ்லிமையும் விசாரிக்கலாம். அவர்கள் கிறிஸ்தவரை விசாரிக்கக்கூடாது! மதம் மாறிய இந்தியருக்கும் இந்தச் சலுகை உண்டு. ராஜாராம் மோகன் ராய் இதைக் கடுமையாக எதிர்த்தார். 1832-ல் அந்தப் பாகுபாடு நீங்கியது.

இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. கிறிஸ்தவர் ஜூரியில் உட்கார வேண்டும், ஆனால் எல்லோரையும் போல ஒருவராக. 'நாங்கள் உங்களை விட நியாயமானவர்கள்' என்ற எண்ணத்தோடு போனால் அது 1826-க்குத் திரும்புவது. 'உங்கள் கோர்ட்டே வேண்டாம்' என்று ஒதுங்கினால் அதுவும் அதே மமதைதான்.

இதெல்லாம் வெறும் வேத விசாரம் என்று நினைக்க வேண்டாம். யாழ்ப்பாண மாவட்ட எம்.பி. நடராஜா ரவிராஜ் 2006 நவம்பர் 10-ஆம் தேதி கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். பத்து வருடம் கழித்து, 2016 டிசம்பரில், முழுக்கச் சிங்களவர்களைக் கொண்ட ஜூரி குற்றம் சாட்டப்பட்ட ஐந்து பேரையும் விடுவித்தது. அந்த ஜூரியின் அமைப்பைத் தமிழர்கள் கேள்வி கேட்டார்கள். ஜூரிப் பெட்டியில் யார் உட்கார்கிறார்கள் என்பது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இலங்கை மக்களில் கிறிஸ்தவர்கள் சுமார் 7 சதவீதம். அவர்களில் சிங்களரும் உண்டு, தமிழரும் உண்டு. ஒரே பலிபீடத்தின் முன் இரண்டு இனமும் நிற்கிற சமூகம் அது. அவர்கள் போனால் நியாயம் கிடைத்துவிடும் என்று உத்தரவாதமில்லை. ஆனால் அவர்களே 'எங்களுக்கு ஆகாது' என்று விலகினால், இரண்டு பக்கமும் உறவுள்ள ஆட்களைப் பிறகு எங்கே தேடுவது?

நம் ஊருக்கு வருவோம். ஒவ்வொரு மாவட்டத்திலும் இளைஞர் நீதிக் குழுமம் இருக்க வேண்டும் என்பது 2015-ன் சட்டம். ஒரு மாஜிஸ்திரேட், அவரோடு இரண்டு சமூக சேவகர்கள், அதில் ஒருவராவது பெண். திருட்டிலோ அடிதடியிலோ மாட்டிய பதினாறு வயதுப் பையனின் எதிர்காலத்தை அந்த மூன்று பேர் முடிவு செய்கிறார்கள். வக்கீல் அல்லாத சாதாரண மனிதர் நியாயம் சொல்ல இந்தியாவில் மிச்சமிருக்கும் சில இடங்களில் இது ஒன்று. குழந்தைகளுக்காக ஏழு வருடமாவது உழைத்தவர்கள் இதற்குத் தகுதியானவர்கள். பள்ளிக்கூடமும் விடுதியும் நடத்திய அனுபவம் கிறிஸ்தவர்களிடம் குறைவா என்ன?

அந்தப் பையன் எதிரே நிற்கும்போது, அவன் சொல்வதைப் பொறுமையாகக் கேட்க ஒருவர் வேண்டும். 'தீர்ப்பிடாதே' என்ற வசனத்தை உண்மையாகவே மனதில் வைத்திருப்பவர்தான் அந்த நாற்காலிக்கு ரொம்பப் பொருத்தம். அவர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் நாற்காலி காலியாக இருக்கப் போவதில்லை. வேறு யாராவது வந்து உட்கார்வார்கள்.