படகு ஓடிச்சு, பாலன்ஸ் ஷீட் ஓடலை!

நீராவிப் படகு என்றால் யார் என்று எந்த க்விஸ்ஸில் கேட்டாலும், பையன்கள் பஸ்ஸரை அமுக்கி 'ராபர்ட் ஃபுல்டன்' என்பார்கள். மார்க்கும் கிடைத்துவிடும். 1807-ல் நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு 150 மைலை 32 மணி நேரத்தில் ஓட்டிக் காட்டிய ஆசாமி.

அதற்குப் 17 வருஷம் முன்னாலேயே அதே அமெரிக்காவில் ஒருத்தர் டிக்கெட் போட்டு நீராவிப் படகு விட்டு, கையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார். பெயர் ஜான் ஃபிட்ச்.

பிஸ்டன், கண்டென்சர் எல்லாம் எனக்கு அவ்வளவாகப் பிடிபடாது. நான் பி.காம். அதனால் இவர் கதையை வரவு, செலவாகத்தான் படித்தேன். படித்தால் மனசு என்னவோ பண்ணுகிறது.

முதலில் வரவு.

1743-ல் கனெக்டிகட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பு சொற்பம். கடிகாரக்காரரிடம் எடுபிடி, அப்புறம் வெள்ளி வேலை. 1785-ல் பொறி தட்டியது: நீராவியால் வண்டி ஓட்டினால் என்ன? அந்தக் காலத்து ரோடுகளை நினைத்துப் பார்த்திருக்கிறார். உடனே, வண்டி வேண்டாம், படகு போதும் என்று கட்சி மாறிவிட்டார்!

எஞ்சினுக்கு எங்கே போவது? பிரிட்டன் தன் எஞ்சின்களை வெளியே விடாது. ஃபிட்ச், ஹென்றி வாய்ட் என்ற கடிகாரக்காரரைச் சேர்த்துக்கொண்டு தானே செய்தார். 1787 ஆகஸ்ட் 22 அன்று பிலடெல்பியாவில், டெலவேர் ஆற்றில் படகு நகர்ந்தது. பக்கத்துக்கு ஆறு துடுப்பு. ஆள் வலிக்கிற மாதிரியே எஞ்சின் வலித்தது. அமெரிக்க அரசியல் சட்டம் எழுத வந்திருந்த பெரிய மனிதர்களில் சிலர் வேடிக்கை பார்த்தார்கள். பாராட்டினார்கள். பணம்? மூச்!

1790 கோடையில் பிலடெல்பியாவுக்கும் டிரென்டனுக்கும் ரெகுலர் சர்வீஸ். மணிக்கு ஏழெட்டு மைல். அந்த ஒரு சீசனில் மட்டும் 2,000 மைலுக்கு மேல் ஓடியிருக்கிறது.

இனி செலவு.

கூட்டம் வரவில்லை. அந்தத் தடத்தில் மட்டும் ரோடு தேவலை. குதிரைக் கோச் ஜம்மென்று போய்க்கொண்டிருந்தது. 'பாய்லர் மேல உட்கார்ந்து போக எனக்கென்ன தலையெழுத்தா?' என்று ஜனம் நினைத்திருக்கும். ஷேர் போட்டவர்கள் பர்ஸை மூடினார்கள். 1791-ல் பேட்டன்ட் கிடைத்தது. அதே நாளில் போட்டியாளர் ஜேம்ஸ் ரம்ஸேக்கும் கிடைத்தது! ஒரே பெர்த்தை ரெண்டு பேருக்கு ரிசர்வ் செய்த கதை.

1793-ல் பிரான்ஸ் போனார். அங்கே புரட்சி, படகை யார் பார்ப்பார்கள்? திரும்பி வந்து கென்டக்கியில் ஒதுங்கினார். சக்கரம் வைத்த குட்டி நீராவி மாடல் ஒன்றும் செய்திருக்கிறார். ரயில் எஞ்சினுக்கு அதுதான் பாட்டன் என்று சொல்கிறவர்கள் உண்டு.

இடையில் நியூயார்க்கில் ஒரு வேலை நடந்தது. அந்த மாநிலத்தில் நீராவிப் படகு விடும் ஏகபோக உரிமை 1787-லிருந்து ஃபிட்ச்சிடம் இருந்தது. 1798 மார்ச்சில், 'ஆள் செத்திருக்கணும், இல்லே மாநிலத்தை விட்டுப் போயிருக்கணும்' என்று காரணம் எழுதி, அதை ராபர்ட் லிவிங்ஸ்டன் என்ற செல்வாக்கான புள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். அப்போது ஃபிட்ச் கென்டக்கியில் உயிரோடுதான் இருந்தார். சில மாதத்தில், பார்ட்ஸ்டவுன் என்ற ஊரில், மனம் ஒடிந்து தன் கணக்கைத் தானே முடித்துக்கொண்டார். வயது 55.

அந்த லிவிங்ஸ்டன்தான் பிற்பாடு ஃபுல்டனுக்குப் பார்ட்னர். முதல் போட ஆள் ரெடி. எஞ்சின், சாட்சாத் போல்டன் அண்ட் வாட் கம்பெனியிலிருந்து பர்மிஷனோடு வந்தது. தடம், பாய்மரப் படகுகள் காற்றை நம்பி நாள்கணக்கில் ஊர்ந்த ஹட்சன் ஆறு. அப்புறம் ஏன் கல்லா நிரம்பாது?

அருமையான ஐடியா என்று யாராவது உங்களிடம் ஷேர் அப்ளிகேஷனை நீட்டினால், 'எஞ்சின் ஓடுமா?' என்று மட்டும் கேட்காதீர்கள். 'பக்கத்துல கோச் ஓடுதா?' என்றும் கேளுங்கள்.

1927-ல் பார்ட்ஸ்டவுனில் ஃபிட்ச்சுக்கு நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். பில் பாஸாக 129 வருஷம். நம்ம ஆபீஸே தேவலை!