மாமன் மச்சான் கோட்டா

திருப்பூரில் இட ஒதுக்கீடு என்று வாயைத் திறந்தால் போதும், "அப்பறம் திறமைக்கு என்னங்க மரியாதை?" என்று பாய்ந்து வருகிறார்கள். கேட்கிறவர் யாரென்று பார்த்தால், மாமனார் கம்பெனியில் மேனேஜராக உட்கார்ந்திருப்பவர்! ஸ்டோரைப் பார்ப்பது மச்சினன். கணக்கு சித்தப்பா மகனிடம். டையிங் ஆர்டர் போவது பங்காளியின் பட்டறைக்கு. இவர்களுக்கெல்லாம் பரீட்சை வைத்தா வேலை கொடுத்தார்கள்? இதுவும் ஒதுக்கீடுதான், நூற்றுக்கு நூறு. பேர் மட்டும் "நம்பிக்கையான ஆளுங்க".

"நாங்க சும்மா வந்துடலீங்க, கைமடிச்சு, பவர் டேபிள் ஓட்டி மேல வந்தோம்" என்பார்கள். பொய்யில்லை. கவுண்டர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் தொழிலாளியாக நுழைந்து முதலாளியான கதையை ஷரத் சாரி 2004இல் ஆய்வு நூலாகவே எழுதியிருக்கிறார். அந்த உழைப்பை யார் மறுத்தார்கள்? ஆனால் முதல் நாலு மெஷினுக்குக் கைமாத்து கொடுத்த பெரியப்பா, அடமானம் வைக்க இருந்த ரெண்டு ஏக்கர், துணிந்து ஜாப் ஒர்க் கொடுத்த சொந்தக்காரர், இதெல்லாம் உழைப்புக் கணக்கில் சேருமா? அதே ராத்திரி ஷிப்ட் பார்த்த அருந்ததியர் வீட்டுப் பையனுக்கு அப்படியொரு பெரியப்பா கிடையாதே. அவன் அப்பாவுக்கு அந்த ரெண்டு ஏக்கரில் இருந்தது கூலி வேலை மட்டும்தானே?

மாநில அரசு வேலையில் 69 சதவீத ஒதுக்கீடு உண்டு. பட்டியலினத்தாரின் 18க்குள் அருந்ததியருக்கு 3 என்று 2009இல் வந்த உள் ஒதுக்கீடும் உண்டு. சரி, எங்கள் ஊரில் சோறு போடுவது அரசாங்கமா? கம்பெனி கேட்டோடு அந்தச் சட்டமெல்லாம் நின்றுவிடுகிறதே!

வெளிநாட்டு பையர் கேட்கிறார் என்று, பாகுபாடு கூடாதென்று சுவரில் போஸ்டர் ஒட்டுகிறோம். எஸ்ஏ 8000 தர நெறியில் பாகுபாடு கூடாதென்ற பட்டியலில் சாதியும் இருக்கிறது. ஆனால் நான் பார்த்த ஆடிட்களில் பெண்கள் எத்தனை பேர், மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர் என்று கேட்டார்கள். சூப்பர்வைசர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்கக் கடைகளான வால்மார்ட் 2024 நவம்பரிலும், டார்கெட் 2025 ஜனவரியிலும் தங்கள் பன்மைத்துவத் திட்டங்களைச் சுருட்டிக்கொண்டதும், "பாத்தீங்களா, அவங்களே விட்டுட்டாங்க" என்று ஒரு சந்தோஷம். அமெரிக்காக்காரனைக் கேட்டா நாம் காலனியை ஊருக்கு வெளியே வைத்தோம்?

முடியாத காரியமும் இல்லை. 2022இல் திருப்பூர் ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸோடு பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்றைப் போட்டது. பாலியல் துன்புறுத்தலோடு சாதிப் பாகுபாட்டுக்கும் அதில் தடை. ஆனால் அது நடக்க, அதற்கு முந்தைய ஆண்டு ஒரு பட்டியலினத் தொழிலாளிப் பெண்ணின் உயிர் போக வேண்டியிருந்தது.

ஊரெல்லாம் கேட்டுக்குக் கேட் போர்டு தொங்குகிறது: டெய்லர் தேவை, செக்கிங் தேவை, ஹெல்பர் தேவை. மெர்ச்சண்டைசரும் மேனேஜரும் மட்டும் போர்டு இல்லாமலே எப்படியோ கிடைத்துவிடுகிறார்கள். முதலில் அதையும் போர்டில் எழுதுங்கள். படித்துவிட்டு வரும் காலனிப் பிள்ளைகளில் இத்தனை பேரைப் பழக்கி எடுப்போம் என்று ஒரு எண்ணிக்கை வையுங்கள். திறமையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாங்க.