லாரிக்காரருக்கும் ஒரு மார்க் ஷீட்

அமெரிக்காவில் பெரிய லாரி ஓட்டுகிற ஒருத்தர் வேலைக்கு விண்ணப்பம் போட்டால், கம்பெனிக்காரர் அவரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, 10 டாலர் செலவில் அவரோட ஜாதகத்தையே அரசாங்கத்திடமிருந்து வாங்கிடலாம். பேரு பி.எஸ்.பி. 2010ல் ஆரம்பிச்ச திட்டம். கடந்த 5 வருஷத்து விபத்துகள், 3 வருஷத்து சாலைச் சோதனைகள் எல்லாம் வரிசையா இருக்கும். நம்ம ஊர்ல பொண்ணு பார்க்கப் போறவங்க கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்க :-)

லாரி கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதற வேலையில் சில வருஷம் குப்பை கொட்டியவன் நான். அந்த உரிமையில் சொல்றேன்: இந்த மாதிரி தகவல் வேணும். கண்டிப்பா வேணும். "இதெல்லாம் டிரைவர் மேல உளவு பாக்கற வேலை"ன்னு சொல்ற நண்பர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 36 டன் எடை நெடுஞ்சாலையில் ஓடுது சாமி.

2020 ஜனவரிக்கு முன்னாடி என்ன நடந்ததுன்னு பாருங்க. போதை மருந்து சோதனையில் மாட்டின ஒருத்தர் அந்த வேலையை விட்டுட்டு, அடுத்த கம்பெனி விண்ணப்பத்தில் பழைய கம்பெனி பேரையே எழுதாம விட்டுட்டா முடிஞ்சது கதை. யாருக்கும் தெரியாது. அந்த மாசம்தான் சோதனையில் மாட்டினவங்க விவரங்களை ஒரே இடத்தில் சேர்க்கிற கிளியரிங்ஹவுஸ் வந்தது. ஆளை எடுக்கும் முன்னாடி அதில் தேடியே ஆகணும். 2024 நவம்பரிலிருந்து, தடையில் இருக்கிறவரோட கமர்ஷியல் லைசென்ஸ் தகுதியையே மாநிலங்கள் பிடுங்கணும்னு விதி. நல்ல விஷயம்.

ஆனா தகவல் இருந்தா மட்டும் போதுமா? 2019 ஜூன் 21, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ராண்டால்ஃப் என்கிற சின்ன ஊர். டிரெய்லர் இழுத்துக்கொண்டு வந்த ஒரு பிக்கப் வண்டியும், கூட்டமா வந்த மோட்டார் சைக்கிள்காரர்களும் மோதினதில் 7 பேர் செத்துப்போனாங்க. அந்த ஓட்டுநர் அதுக்கு முந்தின மாசம்தான் கனெக்டிகட்டில் போதையில் ஓட்டியதாகக் கைதானவர். கனெக்டிகட் தகவல் அனுப்பியது. லைசென்ஸ் கொடுத்த மாசசூசெட்ஸ் மாநில அலுவலகம் அதன் மேல் நடவடிக்கை எடுக்கவில்லை. அப்புறம் தோண்டிப் பார்த்தா, மற்ற மாநிலங்களிலிருந்து வந்த அறிவிப்புகள் பெட்டி பெட்டியா பிரிக்காம கிடந்திருக்கு. அலுவலகத் தலைவர் ராஜினாமா செய்தார். (விபத்து வழக்கில் அந்த ஓட்டுநர் 2022ல் விடுதலையாகிவிட்டார், அதையும் சொல்லிடணும்.) மோதலுக்கு யார் காரணம் என்பது நீதிமன்ற விஷயம். பெட்டியைத் திறந்து பார்க்காததுக்கு யார் காரணம்னு கேட்க நீதிமன்றம் தேவையில்லை.

இது ஒரு பக்கம். என்னை அதிகம் உறுத்துவது இன்னொரு பக்கம். இருக்கிற தகவலையே கோணலா படிக்கிறது.

சிக்னலில் நிற்கிற லாரியைப் பின்னாடி வந்த கார் இடிச்சாலும், பி.எஸ்.பி.யில் அது ஒரு விபத்து. யார் தப்புன்னு அந்த வரியில் இருக்காது. பல வருஷம் ஓட்டுநர்கள் கத்தின பிறகு, 2020லிருந்து சில வகை விபத்துகளை 'தவிர்க்க முடியாதது'ன்னு முத்திரை குத்த நிரந்தரமா ஒரு வழி பண்ணாங்க. அதுக்கும் யாராவது விண்ணப்பிக்கணும், காவல்துறை அறிக்கையை இணைக்கணும். யாரும் விண்ணப்பிக்கலைன்னா விபத்து விபத்தாகவே நிற்கும். டிரெய்லரில் ஒரு விளக்கு எரியலைன்னாலும் அப்படித்தான். டிரெய்லர் யாரோடது, பராமரிப்பு யாருதுங்கறதெல்லாம் அப்புறம். சோதனையில் நின்றவர் பேரில் பதிவாகும்.

அடுத்தது கேமரா. சடன் பிரேக் அடிச்சா உடனே ஒரு வீடியோ துண்டு மேலாளர் மேசைக்கு வரும். நான் பார்த்த ஒரு துண்டில், ஒரு கார் இண்டிகேட்டர் கூட போடாம குறுக்கே பாயுது, லாரிக்காரர் அழகா பிரேக் போட்டு நிறுத்தறார். பாதுகாப்பு மேலாளர் பொறுமையான மனுஷன், முழுசா பார்த்துட்டு "சபாஷ்"னு சொல்லிட்டு மூடிட்டார். ஆனா அந்த மாசக் கணக்கில் ஒரு கறுப்புப் புள்ளி ஏறினது ஏறினதுதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்து போனஸ் வெட்டுகிற இடத்தில் அந்த மனுஷன் என்ன ஆவார்? அடுத்த தடவை பிரேக் மேல கால் வைக்க ஒரு நொடி யோசிப்பாரா மாட்டாரா?

இப்ப என்னோட முக்கியமான புகார். அமெரிக்க விதிப்படி வேலை ஆரம்பிச்சு 14 மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 11 மணி நேரம்தான் ஓட்டலாம். பிறகு 10 மணி நேரம் ஓய்வு. கிடங்கு வாசலில் சரக்கு ஏத்த 5 மணி நேரம் காக்க வெச்சா, அதுவும் பொதுவா அந்த 14ல்தான் கழியும். நிறைய பேருக்கு சம்பளமோ மைல் கணக்கு. நின்ன நேரத்துக்குப் பைசா பேராது, இல்லைன்னா ஏதோ கொஞ்சம். அப்புறம் மனுஷன் வேகமா ஓட்டாம என்ன பண்ணுவார்? போலீஸ் பிடிக்குது. பதிவில் வேகம், நேர மீறல், ஓட்டுநர் பேரு எல்லாம் இருக்கு. காக்க வெச்ச கிடங்கு பேரு? ம்ஹூம். "எப்படியாவது காலையில சேர்த்துடுப்பா"ன்னு ஃபோனில் சொன்ன டிஸ்பேட்ச்காரர் பேரு? அதுவும் இல்லை.

இத்தனைக்கும் அந்தத் தகவல் இல்லாமலா இருக்கு? 2017 டிசம்பரிலிருந்து லாக் புத்தகத்துக்குப் பதிலா மின்னணுக் கருவி கட்டாயம். வண்டி எப்ப நின்னது, எப்ப கிளம்பியது எல்லாம் நிமிஷ சுத்தமா இருக்கு. லோடு எத்தனை மணிக்குக் கொடுத்தாங்க, எத்தனை மணிக்குச் சேரணும்னு சொன்னாங்க என்பது கம்பெனி கணினியிலேயே கிடக்கு. ஒவ்வொரு மீறலுக்கும் பக்கத்தில் இந்த ரெண்டையும் வெச்சுக் காட்ட ஒரு புரோகிராமருக்கு ஒரு வாரம் போதும். கேட்கத்தான் ஆளில்லை. பெரிய நெடுந்தூர கம்பெனிகளில் ஓட்டுநர்கள் வேலையை விட்டுப்போகிற விகிதம் பல வருஷங்களில் 90 சதவீதத்தைத் தாண்டியிருக்கு. அப்பவும் 'சரியான ஆளை எப்படிப் பொறுக்கறது'ன்னுதான் கூட்டம் போடுறாங்க.

நம்மாளுங்க நிறைய பேர் இந்த மென்பொருள் வேலையில் இருக்கீங்க. அடுத்த தடவை டிரைவர் ஸ்கோர்னு ஒரு திரை வரையச் சொன்னா, பக்கத்திலேயே டிஸ்பேட்ச் ஸ்கோர்னு ஒரு பத்தி போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்க. திட்டுவாங்க, பரவாயில்லை. ஓட்டுநர் நண்பர்கள் யாராவது படிச்சீங்கன்னா, வேலை தேடறதுக்கு முன்னாடி உங்க பி.எஸ்.பி.யை நீங்களே வாங்கிப் பாருங்க. தப்பா இருந்தா டேட்டாக்யூஸ் என்கிற அரசுத் தளத்தில் மறுப்பு போடலாம். கோர்ட்டில் தள்ளுபடியான டிக்கெட் இன்னும் ஒட்டிக்கிட்டு இருந்தா, அந்த உத்தரவின் நகலையும் சேர்த்து அனுப்புங்க.