விவால்டிக்கு ஒரு பாடவேளை போதாது
இசையமைப்பாளர் விவால்டியை இசை வகுப்புக்குள் பூட்டிவைப்பது வீண். 1725இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சான அவரது ‘நான்கு பருவங்கள்’ வயலின் இசைத்தொகுப்பு, ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு கவிதையோடு வெளிவந்தது. குரைக்கும் நாயும் இடிமழையும் பனியில் வழுக்கும் காலும் அதில் இசையாகின்றன, இது மொழிப்பாடம். வயலின் தந்தியின் அதிரும் நீளம் பாதியானால் சுருதி ஒரு ஸ்தாயி உயர்வது அறிவியல். வெனிஸின் பியத்தா காப்பகத்தில் ஆதரவற்ற சிறுமிகளுக்கு அவர் வயலின் கற்பித்தது வரலாறு. இப்படிப் பங்கிட்டால் இசை மற்றப் பாடங்களுக்கு எடுபிடியாகிவிடாதா என்பார்கள். கேட்கவைக்காமல் பாடம் நடத்தினால் அந்த அச்சம் நியாயமே. முதலில் முழுதாகக் கேட்கவைத்தால், ஒவ்வொரு கேள்வியும் பிள்ளைகளை மறுபடி இசைக்கே அனுப்பும். நேரமில்லை என்பது சாக்கு. அத்தொகுப்பின் ‘வசந்தம்’ ஏறத்தாழ பத்து நிமிடம்தான். ஆசிரியர்கள் அங்கிருந்து தொடங்கட்டும்.