ஒரே பாட்டை எத்தனை தடவை சார் கேப்பீங்க?



போன வாரம் வீட்டுக்கு வந்த பழைய மாணவர் ஒருவர், என் போனில் ஓடிக்கொண்டிருந்ததைக் கேட்டுவிட்டு, "ஒரே பாட்டை எத்தனை தடவை சார் கேப்பீங்க?" என்று சிரித்தார். அன்று காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் கேட்பது கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் மேடைப் பதிவுகள். 1965-ல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய குழு. 1995-ல் கிதார் கலைஞர் ஜெர்ரி கார்சியா இறந்தபின் அந்தப் பெயரில் வாசிப்பதை நிறுத்திக்கொண்டார்கள். முப்பது வருடத்தில் இரண்டாயிரத்துக்கும் மேல் கச்சேரிகள். 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டு 1968-ல் வந்த இசைத்தட்டில் மூன்று நிமிடம்கூட இல்லை. அடுத்த ஆண்டு வெளிவந்த 'லைவ்/டெட்' மேடைப் பதிவில் அதே பாட்டு 23 நிமிடம்! நம் ஊர்க் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இது புரியும். கல்யாணி ராகம் ஒன்றுதான். நேற்றைய ஆலாபனையும் இன்றைய ஆலாபனையும் ஒன்றா?

ஆக, நான் கேட்பது ஒரே பாட்டு அல்ல.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. ரசிகர்கள் டேப் ரெக்கார்டரோடு வந்தால் மற்ற குழுக்கள் விரட்டின. இவர்கள் விரட்டவில்லை. 1984-ல் பதிவு செய்பவர்களுக்கென்றே அரங்கில் தனி இடம் ஒதுக்கினார்கள். விற்கக் கூடாது, நகல் எடுத்துக் கொடுக்கலாம் என்பதுதான் வழக்கம். வெற்று கேசட்டைத் தபாலில் அனுப்பினால், முகம் தெரியாத ஒருவர் பதிவு செய்து திருப்பி அனுப்புவார்.

இப்படிக் கொடுத்தால் பிழைப்பு என்னாவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் கேசட் கேட்டவர்கள்தான் அடுத்த கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி வந்தார்கள்.

கொடுத்தது எப்படிக் காப்பாற்றியது என்பதற்கும் ஓர் உதாரணம் உண்டு. 1977 மே 8 அன்று கார்னெல் பல்கலைக்கழகத்தின் பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரியை மிக்ஸரிலிருந்து நேரடியாகப் பதிவு செய்தவர் பெட்டி கேன்டர் என்ற பெண்மணி. பின்னாளில் பணக் கஷ்டத்தில் வாடகை கட்ட முடியாமல், அவருடைய டேப்புகள் இருந்த கிடங்கு அறையே ஏலத்துக்குப் போனது. டேப்புகள் சில ரசிகர்கள் கைக்கு வந்தன. அவர்கள் சீர்செய்தார்கள், நகல் எடுத்தார்கள், பரப்பினார்கள். அந்தக் கச்சேரிப் பதிவு அமெரிக்க காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலேயே இடம் பிடித்தது. முறைப்படி ஆல்பமாக வந்ததோ 2017-ல்தான், நாற்பது வருடம் கழித்து!

2005-ல் மட்டும் ஒரு சறுக்கல். இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகக் கிடைத்த பதிவுகளை இறக்கிக்கொள்ளக் கூடாது என்று குழுவின் தரப்பில் தடை வந்தது. ரசிகர்கள் கொதித்தார்கள். சில நாளிலேயே ரசிகர்கள் மைக் வைத்து எடுத்தவற்றைத் திரும்ப அனுமதித்தார்கள். மிக்ஸர் பதிவுகளைத் தளத்திலேயே கேட்கலாம், இறக்க முடியாது என்றானது. என் கருத்தில், தடை போட்டதே தவறு. கொடுத்துவிட்ட பிறகு திரும்பக் கேட்பது அழகல்ல.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிறந்த இரவுகளை மட்டும் வைத்துக்கொண்டால் போதாதா என்பவர்கள் உண்டு. போதாது. கார்சியா வரிகளை மறந்து தடுமாறுவார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் நிமிடக்கணக்கில் சுருதி சேர்ப்பார்கள். சில இரவுகளில் எதுவுமே கூடி வராது. அவற்றையும் கேட்டால்தான், கூடி வந்த இரவு எவ்வளவு அரிது என்று தெரியும். நாற்பது நோட்டு திருத்தினால்தானே ஒரு நல்ல கட்டுரையின் அருமை தெரிகிறது!

சரி, வீட்டுப்பாடம். 'டார்க் ஸ்டார்' மூன்று நிமிடப் பதிவை முதலில் கேளுங்கள். பிறகு போனைத் தள்ளி வைத்துவிட்டு அந்த 23 நிமிடத்தையும் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றாலும் பரவாயில்லை, எந்த இடத்தில் அலுத்தது என்று கீழே எழுதுங்கள். மதிப்பெண் கிடையாது.

அன்புடன்,
உங்கள் சார்